பொதுச் சமையல்

கிபுட்ஸ் என்ற சொல்லை நான் முதன்முதலாக வீட்டில் உச்சரித்தபோது ஐயா வாய்க்காலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அது என்ன, கீரைப்புட்டோ?"

1978ஆம் ஆண்டு. எனக்கு இருபத்து நாலு வயது. பொறுமையாக விளங்கப்படுத்தினேன். இஸ்ரேலில் இருக்கிற கூட்டுப்பண்ணை ஐயா. 1910இல் கலிலேயாக் கடலோரம் பத்து ஆணும் இரண்டு பெண்ணும் சேர்ந்து தெகானியா என்ற முதல் பண்ணையைத் தொடங்கினவை. ஆளுக்கு ஆள் காணி இல்லை. எல்லாரும் வேலை செய்வினம், காசு ஒரு பெட்டிக்குள்ளை போகும். ஒரே குசினி, ஒரே மண்டபத்திலை சாப்பாடு. பிள்ளையளுக்குக்கூடத் தனி வீடு, அங்கைதான் படுக்கை.

ஐயா மண்வெட்டியை வரம்பில் சாத்தினார்.

"காணி ஆற்றை பேரிலை?"

"ஒருத்தற்றை பேரிலையும் இல்லை."

"ஒருத்தற்றை பேரிலையும் இல்லாத காணி கச்சேரிக் காணி. அவன் நினைச்ச நேரம் எழும்பச் சொல்லுவான்."

ஐயா ஐந்தாம் வகுப்பு. நான் லியோன் யூரிஸின் 'எக்ஸோடஸ்' நாவலை ஆங்கிலத்தில் இரண்டு தரம் படித்தவன். யார் சொன்னது பலித்தது என்று இன்றைக்கு யாரும் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

ஐயா தீவுப்பகுதியிலிருந்து வட்டக்கச்சிக்கு வந்தது ஐம்பதுகளில். தீவில் அவருக்கு இருந்தது உப்புக் கிணறும், நாலு சகோதரர் பங்குபோட்ட ஒரு துண்டுக் காணியும். யாழ்ப்பாணத்தில் சனம் நெருக்கம், இரணைமடுக் குளத்தடியில் தண்ணீர் வீண் என்று கண்ட அரசாங்கம் 1936இலேயே கிளிநொச்சியில் குடியேற்றத்தைத் தொடங்கியிருந்தது. டி.டி.ரி. அடித்து மலேரியா அடங்கிய பிறகுதான் சனம் துணிந்து வந்தது. கனகராயன் ஆற்றுக்குக் கிழக்கே, குளத்தின் வலதுகரை வாய்க்கால் பாய்கிற பக்கம் எங்கள் கொலனி. வயலுக்கு ஒரு காணி, வீட்டுக்கு ஒரு மேட்டுக்காணி, ஒரே அச்சில் வார்த்த வீடுகள். இருட்டில் வருகிறவர் அடுத்த வீட்டுத் திண்ணையில் ஏறிக் குந்திவிட்டு, தேத்தண்ணி வந்த பிறகுதான் அது வேறு வீடு என்று அறிவார். சமத்துவம் என்றால் அதுதான் சமத்துவம். பிறகு ஒருவர் முன்னுக்கு ஒரு பத்தி இறக்கினார், மற்றவர் மதில் கட்டினார், இன்னொருவர் லாண்ட்மாஸ்டர் வாங்கினார். பத்து வருசத்தில் இருட்டிலும் வீடு மாறாது.

1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டப்படி கொடுத்த அனுமதிப்பத்திரத்தை ஊரில் பேமிற் என்போம். விற்கக் கூடாது, துண்டாடக் கூடாது. உரித்தாளிக்குப் பின் ஒருவருக்குத்தான் போகும், அவருக்குப் பெயர் பின்னுரித்தாளி. இந்த ஒரு சொல்லால் வட்டக்கச்சியில் எத்தனை சகோதரர் கதைபேச்சு இல்லாமல் செத்தார்கள் என்பதை எழுதத் தனிப் புத்தகம் வேண்டும். ஐயாவின் பேமிற், விக்ஸ் போத்தலும் பூசை மணியும் கிடந்த தகரப் பெட்டிக்குள், வேட்டித்துண்டில் சுற்றியபடி இருந்தது. திருவெம்பாவைக்கு ஒருதரம் வெளியே எடுத்து வெயில் காட்டுவார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் நான் போய்ச் சொந்தக் காணி கூடாது என்று பிரசங்கம் செய்தேன்.

எங்கள் தலைமுறைக்கு இஸ்ரேல் ஒரு வியாதி. எழுபதுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நாலு படித்த பொடியள் கூடினால் யாராவது ஒருவர் யூதரை இழுப்பார். நாடில்லாத சனம், பாலைவனத்தில் தோடம்பழம் காய்க்கப் பண்ணிய சனம், ஒரு கையில் கலப்பையும் மறுகையில் துவக்கும். அந்தப் பாலைவனத்தில் முந்தி யாராவது இருந்தார்களா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்னொரு பக்கம், ஈழ இயக்கங்களில் சிலவற்றின் முதல் பொடியள் பலஸ்தீனரிடம் பயிற்சி எடுக்க லெபனானுக்குப் போயிருந்தார்கள். ஆக, சண்டை பழகப் பலஸ்தீனர், தோட்டம் செய்ய யூதர். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கதைத்தோம், ஒருவருக்கும் புரைக்கேறவில்லை.

எனக்குப் பண்ணைப் பைத்தியம் பிடிக்க வேறு காரணமும் இருந்தது. தரப்படுத்தலில் கம்பஸ் போய்விட்டது. விசுவமடுவில், முத்தையன்கட்டில் படித்த வாலிபர் திட்டம் என்று அறுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய குடியேற்றத்தில் இருந்த அண்ணைமார் செத்தல் மிளகாயில் கொழித்தார்கள். சிறிமாவோ அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் மறித்து வைத்திருந்த காலம் அது. மிளகாய் விற்ற காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதில் மிளகாய் மணக்கப் பெண் பார்க்கப் போனவர்களை நான் அறிவேன். நாங்கள் காடு வெட்டி, மிளகாய் நட்டுக் கன்று நிமிர்ந்தபோதோ, 1977இல் ஆட்சி மாறி, இறக்குமதி திறந்து, மிளகாய் விலை படுத்துவிட்டிருந்தது. உலகத்தில் கூட்டுப்பண்ணை நடத்த இதைவிட மோசமான வருசத்தை யாரும் தேடிப்பிடிக்க முடியாது.

அதே 1977 ஆகஸ்டில்தான் கலவரம். மலையகத்திலிருந்து சனம் லொறி லொறியாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தது. கையில் ஒரு தகரப் பெட்டி, தலையில் ஒரு மூட்டை, காலில் ஒன்றும் இல்லை. வவுனியாவில் மருத்துவர் இராஜசுந்தரமும், கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் தொடங்கியிருந்த காந்தியம் அமைப்பு அந்தச் சனத்தை எல்லைக் கிராமங்களில் குடியிருத்தியது. கிணறு, பாலர் பள்ளி, திரிபோசா மா, கைத்தொழில். டேவிட் கரம்பொனில் பிறந்து, வெளிநாடுகளில் நகரம் வரைந்துவிட்டு, வந்து கொட்டில் போட்டவர். எங்கள் பதினொரு பேர் பண்ணைக்கும் காந்தியத்துக்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் வேலை செய்தார்கள், நாங்கள் கூட்டம் வைத்தோம்.

பதினொரு பேர். தெகானியாவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், எங்களிடம் ஒருவரும் இல்லை. பண்ணை படுத்ததற்கு அதுதான் காரணம் என்பது அம்மாவின் சாகும்வரையான கருத்து. பதினாலு ஏக்கர் காடு, ஒரு தண்ணீர்ப் பம்பு, இரண்டு சைக்கிள், ஒரு ரேடியோ, ஒரு குறிப்பேடு. குறிப்பேடு என் பொறுப்பு. முதல் பக்கத்தில் எழுதினோம்: இங்கே எல்லாம் பொது. இரண்டாம் பக்கத்தில்: பம்பை யார் கடைசியாகத் தொட்டது என்பது பற்றிய விசாரணை.

சமையல் முறை வைத்து நடந்தது. சட்டி ஒன்று என்பதில் நான் விடாப்பிடியாக நின்றேன். முதல் கிழமையே இரண்டு பேர் தாங்கள் சைவம், மீன் காய்ச்சிய சட்டியில் சாப்பிட மாட்டோம் என்றார்கள். சரி, இரண்டு சட்டி. இன்னொருவருக்கு, அவர் எனக்குத் தூரத்துச் சொந்தம், நல்ல உழைப்பாளி, வியாழக்கிழமை தோறும் வயிற்றுவலி வந்தது. காலையில் குறைவில்லை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தொடங்கும், பொழுதுபட்டால் நிற்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாணைச் சீனியோடு மறைவில் சாப்பிடுவார். ஒரு மாதம் கழித்துத்தான் குறிப்பேட்டைப் பார்த்தபோது எனக்கு வெளித்தது. வியாழக்கிழமைச் சமையல் முறை, ஊரின் தெற்குத் தொங்கலிலிருந்து வந்த ஒரு பொடியனுடையது. அந்தத் தொங்கலுக்கு எங்கள் ஆட்கள் தண்ணீர் குடிக்கப் போவதில்லை. பதினொரு பேரில் அவன்தான் நன்றாகச் சமைப்பான் என்பது வேறு கதை.

நான் என்ன செய்தேன்? கூட்டம் வைத்தேனா, கேட்டேனா? முறையை மாற்றி அவனுக்குப் பம்பு வேலை கொடுத்தேன். வயிற்றுவலி மாறிவிட்டது. எல்லாருக்கும் நிம்மதி. அவன் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

களை பிடுங்க ஆள் காணாமல் போனபோது பக்கத்துக் கொட்டில்களில் இருந்த மலையகக் குடும்பங்களைக் கூலிக்குக் கூப்பிட்டோம். கிபுட்ஸின் மூலமந்திரமே கூலியாள் வைக்காமல் தன் கையால் உழைப்பது என்று எங்களுக்குத் தெரியும், படித்திருக்கிறோம். தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டோம். ஒரு நாள் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: இன்று வேலையாட்களுக்குத் தேத்தண்ணி சிரட்டையில் அல்ல, கிளாசில் கொடுக்கப்பட்டது. கீழே ஒரு கோடு இழுத்திருந்தேன். அதை ஒரு புரட்சி என்று நினைத்திருக்கிறேன். அவர்களில் ஒருவரைக்கூட மாலைக் கூட்டத்துக்கு அழைத்ததாக அந்தக் குறிப்பேட்டில் ஒரு வரி இல்லை.

நாற்பது வருசம் கழித்து, 2017இல், ஊருக்குள் நுழைகிற பன்னங்கண்டியில் அந்த ஆட்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடியிருக்கிற நிலத்துக்கு உறுதி கேட்டு வீதியோரம் குந்தியிருந்தார்கள். சைக்கிளை நிறுத்தி ஒரு கிழவியிடம் கதை கொடுத்தேன். என்னை அவவுக்கு ஞாபகம் இருந்தது. "கிளாசுல டீ குடுத்த தம்பி தானே?" என்றா. நல்லெண்ணத்தோடுதான் சொன்னா. அதுதான் பிரச்சினை.

பண்ணை பதினாறு மாதம் நின்றது. கடைசியில் பம்பை விற்று, கடன் கட்டி, மிச்சத்தைப் பத்தாகப் பிரித்தபோது ஆளுக்கு வந்தது வவுனியாவுக்கு ஒரு பஸ் ரிக்கற் காசு. காடு திரும்ப வளர்ந்தது. கொஞ்ச நாளில் கச்சேரிப் பலகை ஒன்றும் முளைத்தது: அரச காணி. ஐயா அந்தப் பக்கம் மாடு சாய்க்கப் போனால் பலகையைச் சத்தமாக வாசித்துவிட்டு வருவார்.

அசல் கிபுட்ஸ் பிறகுதான் வந்தது. கொண்டுவந்தது நாங்கள் இல்லை.

வடக்கும் கிழக்கும் பொருந்துகிற இடம் மணலாறு. முல்லைத்தீவுக்குத் தெற்கே, நெடுங்கேணிப் பக்கம், தமிழ் முதலாளிமார் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்த பண்ணைகள் அங்கே இருந்தன. கென்ற் பாம், டொலர் பாம் என்று பெயர். ஒன்று இங்கிலாந்தின் மாவட்டம், மற்றது அமெரிக்கக் காசு. உடும்பும் பாலைமரமும் நிறைந்த காட்டுக்கு அப்படிப் பெயர் வைக்கத் தனித் துணிவு வேண்டும். 1977க்குப் பிறகு மலையகச் சனம் அங்கேயும் குடியேறியது. 1983 ஏப்ரலில் இராஜசுந்தரத்தையும் டேவிட்டையும் பிடித்துக்கொண்டு போனார்கள். யூலை 25இல் வெலிக்கடைச் சிறையில் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள், 27இல் இன்னும் 18 பேர். இராஜசுந்தரம் இரண்டாம் நாள் ஆள். டேவிட் தப்பி, மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, அங்கே சிறை உடைந்தபோது வெளியேறி இந்தியா போனார்.

1984இல் இரண்டு காரியங்கள் நடந்தன. 1970இல் சிறிமாவோ அரசாங்கம் அறுத்துவிட்ட இஸ்ரேல் உறவை ஜனாதிபதி ஜே. ஆர். பின்கதவால் ஒட்டினார். கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலியருக்கு ஓர் அறை கிடைத்தது, அதன்வழி ஆலோசகர்கள் வந்தார்கள். ஜனாதிபதியின் மகனும் பாதுகாப்பு ஆலோசகருமான ரவி ஜயவர்த்தன இஸ்ரேலின் எல்லைக் குடியேற்றங்களைப் பார்த்து, அந்த அச்சில் இங்கேயும் ஆயுதம் கொடுத்த குடியேற்றம் வேண்டும் என்று நினைத்தார் என்று அப்போதே பரவலாக எழுதப்பட்டது. நாங்கள் யூரிஸைப் படித்த அதே கண்ணோடு கொழும்பிலும் ஒருவர் பார்த்திருக்கிறார். அவரிடம் அரசாங்கம் இருந்தது, எங்களிடம் ஒரு பம்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்றக் காரியம், கென்ற் பாமிலும் டொலர் பாமிலும் இருந்த தமிழ்ச் சனத்தை எழுப்பிவிட்டு, தெற்கிலிருந்து சிங்களச் சிறைக்கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து திறந்த சிறைச்சாலை என்று இருத்தினார்கள். அந்த வருசம் நவம்பர் 30 விடியப்புறம் புலிகள் அங்கே புகுந்து அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். கைதிகள், காவலர், கைதிகளின் பெண்டு பிள்ளைகள். இரண்டொரு நாளில் ஒதியமலையில் தமிழ் ஆண்களைப் படையினர் சுட்டார்கள். டிசம்பர் முடிய முன்பு கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிப் பக்கம் ஒரு தமிழ் அடுப்பும் எரியவில்லை. 1988இல் வர்த்தமானி அடித்து மணலாறு வெலி ஓயா ஆனது. மணலுக்கு மணல், ஆற்றுக்கு ஆறு, மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் பிடிக்க முடியாது.

விக்டர் ஒஸ்ட்ரோவ்ஸ்கி என்ற முன்னாள் மொசாட் ஆள் 1990இல் வெளியிட்ட புத்தகத்தில், ஒரே காலத்தில் சிங்களப் படைக்கும் தமிழ்ப் பொடியளுக்கும் இஸ்ரேலில் பயிற்சி நடந்தது, இரண்டு பகுதியும் ஒன்றையொன்று காணாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலையாக இருந்தது என்று எழுதினார். உண்மையோ பொய்யோ, அந்தக் கதையை முதல் கேட்டபோது எனக்கு எங்கள் இரண்டு சட்டிதான் ஞாபகம் வந்தது.

பிறகு வந்த காலத்தைச் சுருக்கிவிடுகிறேன், அதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30க்குப் பிறகு யாழ்ப்பாணமே வன்னிக்கு வந்தது. எங்கள் வளவில் ஏழு குடும்பம். ஒரே கிணறு, ஒரே மாமரம், ஏழு அடுப்பு. மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை, பற்றரி இல்லை, பசளை இல்லை, அடுப்பு மட்டும் ஏழு. அகதியானாலும் அடுப்பு வேறு. கிபுட்ஸின் சட்டங்களில் பிள்ளைகள் எல்லாருக்கும் பொது என்பதை மட்டும் யுத்தத்தின் கடைசி வருசங்களில் இயக்கம் எங்கள் ஊரில் நிறைவேற்றியது. வீட்டுக்கு ஒருவர் என்றார்கள். பெட்டைகளுக்கு அவசரக் கலியாணம் கட்டி வைத்த மாதங்கள் அவை.

2009 ஜனவரியில் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டோம். ஐயாவின் பேமிற்றைப் பொலித்தீன் பையில் போட்டு வயிற்றோடு கட்டியிருந்தேன். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று போகப்போக மற்றச் சாமான் எல்லாம் ஒவ்வொன்றாய் விழுந்தது. முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் தண்ணீர் ஊறியபோது தாள் நனையாமல் பையைத் தலையில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் அது நகை என்று நினைத்தார். பேமிற் என்று சொன்னேன். அந்தச் செல்லடிக்குள்ளும் மனுசன் சிரித்தது.

முடிவில் போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பெயர் பண்ணை. மனிக் பாம், செட்டிகுளம். சுற்றிவரக் கம்பி, காவல் கோபுரம், வெள்ளைத் தறப்பாள் கூடாரங்கள் வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே அச்சு. இருட்டில் வருகிறவர் அடுத்த கூடாரத்துக்குள் நுழைந்துவிடுவார். பகுதிகளுக்குக் கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர். எங்களுக்கு அடுத்த ஊர் இராமநாதபுரம், முகாமிலும் இராமநாதன். இடம்பெயர்ந்ததே தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

அங்கேதான் நான் முதன்முதலாக உண்மையான பொதுச் சமையலைக் கண்டேன். கிடாரம் என்றால் ஆள் குளிக்கலாம். சோறும் பருப்பும், சில நாள் பூசணி. கோப்பையோடு வரிசையில் நிற்கவேண்டும். சொந்தமாக ஒருவரிடமும் ஒன்றும் இல்லை, எல்லாரும் ஒரே நேரம் ஒரே சட்டியில் சாப்பிட்டோம், காசு என்ற சாமானே புழக்கத்தில் இல்லை. 1978 குறிப்பேட்டின் முதல் பக்கம் வரிக்கு வரி நிறைவேறியது.

இரண்டாம் கிழமை என்று நினைக்கிறேன். வெயிலில் நிற்கும்போது பின்னால் தெரிந்த இருமல். திரும்பினால் என் தூரத்துச் சொந்தம், வியாழக்கிழமைக்காரர். முப்பது வருசத்தில் முழுக்க நரைத்து, சாரத்தைக் கயிற்றால் கட்டியபடி, கையில் ஒரு பிளாஸ்ரிக் பேணியின் பாதி. கிடாரத்தைக் கிண்டுகிறவர்கள் யார் எவர், எந்த ஊர், எந்தத் தொங்கல், தெரியாது. மனுசன் கழுத்தை நீட்டிக் கிடாரத்துக்குள் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"இண்டைக்கு என்ன கிழமை அண்ணை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆருக்குத் தெரியும்," என்றார். விளங்கித்தான் சொன்னாரோ, விளங்காமலோ. பேணியை முன்னுக்கு நீட்டினார்.

2010இல் ஊருக்குத் திரும்பினோம். கூரை இல்லை, சுவரில் பாதி இல்லை, பேமிற் இருந்தது. பிரதேச செயலகத்தில் அதை நீட்டியபோது எழுதுவினைஞர் மணந்து பார்த்தார். பங்கர் மணம் போகவில்லை. ஊரின் அரச விதைப் பண்ணை படையினர் கையில் இருந்தது. விசுவமடுப் பக்கம் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணை நடத்தியது. முன்னாள் போராளிகளும், புருசனை இழந்த பெண்களும் சீருடை போட்டு, காலையில் வரிசையில் நின்று பெயர் சொல்லி, கத்தரியும் கச்சானும் செய்து மாதச் சம்பளம் எடுத்தார்கள். பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கும் அங்கிருந்துதான் சம்பளம். எல்லையோரம், கூட்டு வேலை, சீருடை, பிள்ளைகளுக்குப் பள்ளி. நான் யூரிஸில் படித்ததுக்கு ஒரு குறையும் இல்லை. 2018 யூனில் அதை நடத்திய இராணுவ அதிகாரி மாற்றலாகிப் போனபோது சனம் அவரைத் தோளில் தூக்கி அழுத படம் நாடு முழுக்கப் போனது. துரோகம் என்றார்கள் வெளிநாட்டில் இருந்தவர்கள், நல்லிணக்கம் என்றது கொழும்பு. அயல்வீட்டுப் பிள்ளை அங்கே வேலை செய்தவள். கேட்டேன். "மாமா, வேற ஆர் சம்பளம் தாறது?" என்றாள். வேறு பதில் எனக்கும் தெரியவில்லை.

டேவிட் 2015இல் திரும்பி வந்தார். தொண்ணூற்றொரு வயதில், அந்த ஒக்ரோபரில், கிளிநொச்சியில் காலமானார். காந்தியம் என்றால் என்ன என்று என் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது.

தெகானியாவும் மாறிப்போனது. 2007இல் பொதுப்பெட்டியைக் கைவிட்டு ஆளுக்கு ஆள் வேறு சம்பளம் என்று தீர்மானித்துவிட்டார்கள். வாசித்தபோது, சத்தியமாய்ச் சொல்கிறேன், ஒரு சின்னச் சந்தோசம். அங்கேயும் ஏழு அடுப்பு.

இப்போது எங்கள் வயலில் களை பிடுங்க ஆளும் இல்லை, தேவையும் இல்லை. மருந்து அடிக்கிறோம். வெட்டுக்குச் சுனாமி மிசின் வரும். முழு வயலையும் ஒரு காலையில் விழுங்கி மூட்டையாய்த் துப்பிவிட்டுப் போகும். திருத்திய இரணைமடுவை 2018 டிசம்பரில் ஜனாதிபதி வந்து திறந்தார், அந்த மாதமே குளம் நிரம்பி வான்கதவைத் திறக்க, கிளிநொச்சியில் பாதி தண்ணீருக்குள். கமக்காரர் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு தலைவர். பொடியள் ஒருவரும் வருவதில்லை, அவர்களுக்குப் பாஸ்போட் அலுவல்.

வியாழக்கிழமைக்காரரின் பேரன் போனது இஸ்ரேலுக்கு.

2023 ஒக்ரோபர் 7இல் காசா எல்லையோரக் கிபுட்ஸ்களுக்குள் ஹமாஸ் புகுந்து கொன்ற சனத்தில் தாய்லாந்துத் தோட்டத் தொழிலாளர் பலர், இலங்கையர் இருவர். தாய்லாந்துக்காரர் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். பலஸ்தீனத் தொழிலாளருக்கு அனுமதி நின்றது. தக்காளி செடியில் அழுகியது. தன் கையால் உழைப்பது என்று தொடங்கிய இடத்தில் காய் பிடுங்க ஆள் இல்லை. நவம்பரில் இலங்கை பத்தாயிரம் பேர் வரை அனுப்பச் சம்மதித்தது. நேர்முகத்தில் வயல்வேலை தெரியுமா என்று கேட்டார்களாம். பொடியன் கையைக் காட்டினானாம்.

ஞாயிறு பின்னேரம் அவன் வீடியோவில் வருவான். கிழவருக்குப் போன் பிடிக்கத் தெரியாது, நான் போய்ப் பிடித்துக் கொடுப்பேன். பசுமைக் கூடாரம், முகட்டைத் தொடுகிற தக்காளிக் கொடி, அடியில் கறுத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர். வரம்பில் குந்தியிருந்து ஒரு சொட்டு விழுவதற்கும் அடுத்த சொட்டு விழுவதற்கும் இடையில் எண்ணிக் காட்டினான். பிறகு போனைத் திருப்பி ஒரு கொங்கிறீற் பெட்டியைக் காட்டினான்.

"மாமா, பங்கர். முழுக்கச் சீமெந்து. எங்கட மாதிரிப் பனங்குத்தியும் மண்மூட்டையும் இல்லை. சைரன் அடிச்சால் பதினைஞ்சு செக்கன் தருவாங்கள்."

"பதினைஞ்சு செக்கனோ!" என்றேன். எங்களுக்குக் கூவுகிற சத்தம்தான் சைரன். 2009இல் அவனுக்கு எட்டு வயது.

வேலிக்கு அந்தப் பக்கம் தூரத்தில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை. அவனும் போனை அந்தப் பக்கம் கனநேரம் பிடிக்கவில்லை. அங்கே கூடாரம் போட்டுக் கோப்பையோடு நிற்கிற சனத்தை அவன் போய்ப் பார்க்கத் தேவையில்லை.

பெரிய மண்டபம் ஒன்றைக் காட்டச் சொன்னேன். பொதுச் சாப்பாட்டு மண்டபம், நாற்பத்தைந்து வருசமாய்ப் பார்க்க நினைத்தது. பூட்டிக் கிடந்தது. ஊர்ச் சனம் பாதி திரும்பி வரவில்லையாம். வேலையாட்களுக்குத் தகரக் கொட்டகை ஒன்று, அதற்குள் காஸ் அடுப்பு ஒன்று. ஒன்பது பேர். நேபாளத்து ஆள் இருவர், குருநாகல் பொடியள் மூன்று பேர், வெலி ஓயாப் பொடியன் ஒருவன், மிச்சம் எங்கட ஆட்கள்.

"எங்கை, வெலி ஓயாவோ?" என்றேன்.

"ஓம் மாமா. நல்ல பொடியன். எனக்குப் பக்கத்துக் கட்டில்."

கிழவர் காதுக்குக் கையை மடித்துப் போனுக்குள் குனிந்தார். இவ்வளவு நேரமும் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

"ஆர் சமையல்?"

"முறை வைச்சுத்தான் அப்பப்பா. ஆளுக்கொரு நாள்."

"இண்டைக்கு ஆர்?"

"அவன்தான், அந்தப் பொடியன். பருப்பு எங்கட அம்மாவை விட நல்லா வைப்பான்." பிறகு பொடியன் குரலைத் தாழ்த்தினான். "நேபாளத்து ஆள் ஒருத்தர் என்ர சமையல் நாளிலை மட்டும் சாப்பிட வாறேல்லை அப்பப்பா. வயிறு சரியில்லையாம்."

கிழவர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

"வாய்க்காலிலை தண்ணி விட்டாச்சோ மாமா?" என்று கேட்டான் பொடியன்.

"வெள்ளிக்கிழமைதான் விடுவினம்," என்றேன்.